டீசலுக்கு மாறிய கார் வழியில் நின்றால்...

பொழுது விடிய இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. நாகர்கோவிலில் புறப்பட்ட அம்பாஸடர் வாடகைக் கார் ஒன்று களியக்காவிளையைக் கடந்து பாறசாலையை நெருங்குகிறது. பின் இருக்கையில் ஒரு முதியவர். இரு பக்கமும் மகனும் மருமகளும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் காலை எட்டு மணிக்குப் பரிசோதனை. ஓர் ஏற்றத்தில் எஞ்சின் ஒரு தடவை விக்குகிறது. மறுபடி சீராகிறது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் பெருமூச்சு விட்டதுபோல் அடங்கி நின்றுவிடுகிறது. டிரைவர் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடியும், மறுபடியும். பாட்டரியும் சோர்ந்து போகிறது.

"போன மாசந்தான் நாலு நாசிலும் மாத்தினேன் அண்ணாச்சி. கையில இருந்ததெல்லாம் அதுக்கே போச்சு" என்கிறார் டிரைவர், மகனைப் பார்த்து.

1980-களில் இந்தச் சாலையில் இப்படி ஒரு காட்சி அபூர்வமல்ல. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டிய கார்கள் அன்று திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்திலும் ஏராளமாக ஓடின. அவற்றை நம்பிப் பிழைத்த டிரைவர்களும் மெக்கானிக்குகளும் பலர்; அவர்களில் தமிழர்களும் நிறையப் பேர். அந்தக் கார்களுக்கு வந்த நோய்களில் பாதிக்கு மேல் எஞ்சினுக்குள் இல்லை. டாங்கியிலிருந்து எஞ்சின் வரை டீசல் நடந்து வரும் பாதையில்தான் இருந்தது என்பது அனுபவசாலிகளின் தீர்ப்பு. அந்தப் பாதையை அறிந்தவர் வீண் செலவிலிருந்து தப்பினார். அறியாதவர் நாசிலை மாற்றினார், பம்பை மாற்றினார், கடைசியில் வண்டியையே மாற்றினார்.

இன்றும் பழைய அம்பாஸடர் ஒன்றை ஆசையோடு பாதுகாத்து வருபவர்களுக்கு இந்த விஷயங்கள் உதவும். டீசல் ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கும் எஞ்சின், பழைய டிராக்டர், வேன் என எதை வைத்திருப்பவருக்கும் அடிப்படை ஒன்றுதான்.

ஏன் மாற்றினார்கள்?

1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு உலகெங்கும் பெட்ரோல் விலை மளமளவென்று ஏறியது. நம் நாட்டில் டீசலுக்கு விலை குறைவு. லாரிக்கும் பஸ்ஸுக்கும் விவசாயத்துக்கும் வேண்டியது என்பதால் அரசாங்கம் அதன் விலையை அடக்கி வைத்திருந்தது. தவிர, அதே தூரத்துக்கு டீசல் எஞ்சின் குறைவாகவே எண்ணெய் குடிக்கும். வாடகைக் கார் வைத்திருந்தவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாள் முழுதும் சவாரி ஓடினால், எஞ்சின் மாற்றும் செலவு ஓரிரு வருஷத்தில் திரும்பி வந்துவிடும் என்று தோன்றியது. மாட்டடார் வேனின் எஞ்சின், சென்னை சிம்ப்சன் கம்பெனி செய்து வந்த பெர்க்கின்ஸ் எஞ்சின் என்று கிடைத்ததை வாங்கி அம்பாஸடரில் ஏற்றினார்கள்.

1980-ஐ ஒட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே 1489 சி.சி. டீசல் எஞ்சின் வைத்த அம்பாஸடரை வெளியிட்டது. அது தொழிற்சாலையிலேயே டீசலுக்கென்று கட்டப்பட்டது. வொர்க்ஷாப்பில் மாற்றிய வண்டியின் கதை வேறு. எஞ்சின் டீசல், டாங்கி பெட்ரோலுக்குச் செய்தது, பைப் பெட்ரோலுக்குப் போட்டது. மாமியார் வீட்டுக்கு வந்த மருமகள்போல எஞ்சினும் டாங்கியும் ஒன்றை ஒன்று புரிந்துகொள்ளாமல் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தின. பிரச்னைகளின் வேர் அங்கேதான்.

டீசல் நடந்து வரும் பாதை

பெட்ரோல் எஞ்சினில் காற்றோடு கலந்த பெட்ரோலை ஒரு தீப்பொறி பற்ற வைக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பல மடங்கு நெருக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். அது தானாகப் பற்றிக்கொள்கிறது. 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவம் இதுவே. ஆனால் அது சிறிய வண்டிகளுக்குள் புகத் தக்க பம்பு கிடைக்கப் பல வருஷங்கள் ஆயின. 1927-ல் ராபர்ட் பாஷின் கம்பெனி இன்ஜெக்ஷன் பம்பை மொத்தமாகத் தயாரிக்கத் தொடங்கியது. அந்தக் கம்பெனியின் இந்தியக் கிளையாக 1951-ல் தொடங்கியதுதான், நம் மெக்கானிக்குகளின் வாயில் அன்றாடம் புழங்கிய 'மைக்கோ'.

காரில் டீசலின் பயணம் இப்படி: டாங்கியிலிருந்து ஃபீட் பம்பு அதை உறிஞ்சி எடுக்கிறது. அங்கிருந்து பில்டருக்குத் தள்ளுகிறது. பில்டரில் தூசியும் தண்ணீரும் நீங்கி இன்ஜெக்ஷன் பம்புக்குப் போகிறது. அந்தப் பம்பு ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து, கெட்டியான எஃகுக் குழாய் வழியே நாசிலுக்கு அனுப்புகிறது. நாசில் அதைப் பனிபோலத் தூவுகிறது. மிஞ்சிய டீசல் ரிட்டர்ன் பைப் வழியாக டாங்கிக்கே திரும்புகிறது.

ஒரு தடவை பீய்ச்சும் அளவு எவ்வளவு? ஒன்றரை லிட்டர் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போதுகூட அரைத் துளிதான். அந்த அரைத் துளியைச் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தள்ள வேண்டும். அதற்காகப் பம்பின் பிளஞ்சரும் அது ஓடும் குழலும் மிக நுட்பமாக இழைக்கப்பட்டுள்ளன. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமயிரின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இராது.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு பெரிய உண்மை விளங்கும். டீசல் நெருக்கினால் நெருங்காது, காற்று நெருங்கும். அரைத் துளி டீசல் இருக்க வேண்டிய இடத்தில் சிறு காற்றுக் குமிழி இருந்தால், பிளஞ்சர் அதை நெருக்குவதிலேயே தன் பலத்தைச் செலவிட்டுவிடும், நாசில் திறக்காது. பெட்ரோல் கார்ப்பரேட்டரில் குமிழி வந்தால் மேலே போய் வெளியேறிவிடும். வண்டிக்கு ஒன்றும் ஆகாது. டீசலுக்கோ குமிழிதான் எமன். மெக்கானிக்குகள் 'ஏர் பிடித்துவிட்டது' என்று சொல்வது இதைத்தான்.

பெட்ரோல் காலத்து மிச்சம்

மாற்றிய வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியவை பெட்ரோல் காலத்து உறுப்புகளையே.

ஒன்று, பைப். பெட்ரோல் எஞ்சினுக்கு, எரிகிற அளவு பெட்ரோல் வந்தால் போதும். டீசல் ஃபீட் பம்போ எரிவதைவிட அதிகமாக இழுத்து, மிஞ்சியதைத் திருப்பி அனுப்புகிறது. மெல்லிய பழைய பைப் இதற்குப் போதாது. சமதரையில் ஓடும் வண்டி, ஏற்றத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது திணறினால் இந்தச் சந்தேகம் நியாயமானது. பைப் எங்காவது நசுங்கியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

இரண்டு, ரிட்டர்ன். கார்ப்பரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் கார்களின் டாங்கியில் திரும்பி வரும் எண்ணெய்க்கு வாசல் வைக்கும் வழக்கம் இல்லை. டாங்கியில் புது வாசல் வைக்கச் சோம்பல்பட்டு, ரிட்டர்ன் பைப்பை உறிஞ்சு பைப்பிலேயே இணைத்துவிட்ட வண்டிகளும் உண்டு. இது தவறு. நாசிலிலிருந்தும் பம்பிலிருந்தும் வெளியேறும் குமிழியும் சூடும் டாங்கிக்குப் போய் அடங்காமல், செக்கு மாடுபோல் சுற்றிச் சுற்றி எஞ்சினுக்கே வரும். ரிட்டர்ன் தனியாக டாங்கிக்குள் போக வேண்டும்.

மூன்று, டாங்கி மூடி. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர மூடியிலோ தனிக் குழாயிலோ ஒரு சிறு துவாரம் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, ஃபீட் பம்பு எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. இருபது முப்பது கிலோமீட்டர் நன்றாக ஓடி நின்றுபோகும் வண்டியில் முதல் வேலையாக டாங்கி மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் நோய் கண்டுபிடிக்கப்பட்டது, செலவு இல்லை.

நான்கு, அழுக்கு. பழைய டாங்கியின் துரு, பெட்ரோலின் பிசின் எல்லாம் கழன்று அடியில் சேரும். உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி நின்றதும் உறிஞ்சுதல் நின்று, அழுக்கு மெல்ல விலகும். கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி ஓடும்! மூடியைத் திறந்தும் 'உஸ்' கேட்காமல், இப்படி நின்று நின்று ஓடினால், ஃபீட் பம்பின் பக்கத்தில் பைப்பைக் கழற்றி டாங்கியை நோக்கிக் காற்று அடித்துப் பார்க்க வேண்டும். டாங்கிக்குள் கொப்பளிக்கும் சத்தம் தாராளமாகக் கேட்க வேண்டும். கேட்டு, அப்புறம் சில நாள் வண்டி நன்றாக ஓடினால் டாங்கியை இறக்கிக் கழுவும் வேளை வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஐந்து, ரப்பர் ஹோஸ். வயதான ஹோஸ் வெளியே பார்க்க முழுசாக இருக்கும். உள்ளே தோல் உரிந்து கதவுபோல் மடங்கி வழியை அடைக்கும். தட்டிப் பார்த்துத் தெரியாது; கழற்றித்தான் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோல் பம்பைக் கழற்றாமல் பைப்பின் நடுவிலேயே விட்டு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுவது நல்லது.

ஆறு, நிறுத்தும் கம்பி. பெட்ரோல் வண்டி சாவியைத் திருப்பினால் நிற்கும். பழைய டீசல் எஞ்சினை நிறுத்த, கம்பி ஒன்றை இழுத்துப் பம்பில் டீசலை அடைக்க வேண்டும். கைவசம் கிடைத்த கம்பியைப் பூட்டியிருந்தால், அது துருப்பிடித்துப் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். பம்பு 'நிறுத்து' நிலையிலேயே இருக்கும்போது உலகத்து மெக்கானிக்கெல்லாம் வந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. எதையும் கழற்றும் முன், இந்தக் கம்பியின் நெம்புகோல் முழுதாகத் திரும்பி வந்திருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

புகை சொல்லும் சேதி

எஞ்சினைச் சுற்றும்போது ஒருவர் பின்னால் நின்று புகைக்குழாயைக் கவனிக்கட்டும்.

புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. பாதையில் கோளாறு. இனிச் சொல்லப்போகும் சோதனைகள் இதற்குத்தான்.

வெள்ளைப் புகை வந்து வண்டி பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக், கம்ப்ரெஷன், டைமிங் இவற்றைப் பார்க்க வேண்டும். இங்கே பைப்பைக் கழற்றுவது வீண்.

ஓடும்போது கரும்புகை வந்தால் டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. முதலில் ஏர் கிளீனரைப் பார்க்கவும், பிறகு நாசில்.

ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்கி ஊசலாடி நின்றால் காற்றுக் கலப்பு. நிற்காமல் ஓடி, ஏற்றத்தில் மட்டும் சக்தி இழந்தால் பில்டர் அடைப்பு அல்லது ஃபீட் பம்பின் சோர்வு.

ஒரே ஒரு சிலிண்டர் 'டக் டக்' என்று தட்டினால் அந்த நாசில். எது என்று கண்டுபிடிக்க, ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் முறையே சிறிது தளர்த்தி இறுக்குவார்கள். தளர்த்தும்போது எஞ்சினின் ஓசை மாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. மாறாவிட்டால் குற்றவாளி அங்கே. ஒன்றை மாற்ற வேண்டிய இடத்தில் நாலையும் மாற்றும் செலவு இதனால் மிச்சம். இது அனுபவசாலியான மெக்கானிக் செய்ய வேண்டிய சோதனை. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, நட்டின் மேல் துணி அவசியம்.

கசியாத ஓட்டை

பலரையும் ஏமாற்றுவது இதுதான். 'எங்கேயும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அப்புறம் எப்படி ஏர் பிடிக்கும்?' என்று கேட்பார்கள். பாதையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ஃபீட் பம்புக்கு அப்பால் உள்ள பகுதியில் டீசல் தள்ளப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகும், ஈரம் காட்டும். டாங்கிக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். சட்டையை நனைக்காமல் சோற்றைக் கெடுக்கும் ஓட்டை இது.

திருவனந்தபுரம் மேடும் பள்ளமுமான ஊர். இரவில் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்தினால், பின்னால் உள்ள டாங்கி தாழ்ந்து போகிறது. உறிஞ்சு பைப்பில் சிறு ஓட்டை இருந்தாலும் காற்று புகுந்து, பைப்பில் நிற்கும் டீசல் டாங்கிக்கே வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஓரிரு வினாடி ஓடி நிற்கும். பிறகு ஏர் எடுத்தால்தான் உண்டு. மூக்கு பள்ளத்தைப் பார்க்கும்படி நிறுத்திய மறுநாள் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். இப்படி நிறுத்தும் இடத்துக்கு ஏற்பக் குணம் மாறினால் காற்றுப் புகும் ஓட்டை உறிஞ்சு பக்கத்தில் இருப்பது அநேகமாக நிச்சயம். ரப்பர் ஹோஸின் கிளிப், பைப் இணைப்பின் செப்பு வாஷர், ஃபீட் பம்பின் முன்னுள்ள வடிகட்டிக் கிண்ணத்தின் வளையம் என்ற வரிசையில் பார்க்கலாம். செப்பு வாஷரை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிது போடுவது நல்லது. அதன் விலை ஒரு தேநீர்க் காசு.

குமிழியைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. ஃபீட் பம்பின் வாயில், டீசலைத் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண் நீளம் தற்காலிகமாகப் போட்டு எஞ்சினை ஓடவிட்டால், குமிழிகள் முத்துமுத்தாய் ஓடுவது தெரியும். சோதனை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும்.

பாதையைப் பாதியாக்கும் சோதனை

எங்கே என்று தெரியாமல் தவிக்கும்போது நல்ல ஆசான் முதலில் கேட்பது ஒரு சுத்தமான கேன். அதில் இரண்டு லிட்டர் சுத்தமான டீசல் ஊற்றி, எஞ்சின் அருகே பத்திரமாக வைத்து, டாங்கி பைப்பைக் கழற்றிவிட்டு, புது ஹோஸ் ஒன்றால் கேனிலிருந்து நேரே ஃபீட் பம்புக்கு இணைப்பார். ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்வார். வண்டி சீராக ஓடினால் ஃபீட் பம்பு, பில்டர், இன்ஜெக்ஷன் பம்பு, நாசில் அத்தனையும் நிரபராதிகள். குற்றம் பின்னால் உள்ள பைப்பிலோ டாங்கியிலோ இருக்கிறது. கேனிலும் கோளாறு தொடர்ந்தால் குற்றம் முன்னால். அரை மணி நேரச் சோதனை, ஆயிரக் கணக்கில் செலவைத் தடுக்கும்.

பின் பாதி தப்பித்தால் பில்டரை மாற்றிப் பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால், பில்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு எஞ்சினைச் சுற்றினால், ஃபீட் பம்பு விட்டுவிட்டுப் பலமாகத் தள்ள வேண்டும். சொட்டினால் அதன் டயாஃப்ரமோ வால்வோ போய்விட்டது. எஞ்சினோடு சேர்ந்த டயாஃப்ரம் பம்பானால் இன்னொரு ஆபத்தும் உண்டு: கிழிந்த டயாஃப்ரம் வழியே டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் உயர்ந்து, தொட்டால் நீர்த்து, டீசல் வாசம் அடித்தால் அந்த வண்டியை ஒரு பர்லாங்குகூட ஓட்டக் கூடாது. இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றுவது கடைசி வேலையாகத்தான் இருக்க வேண்டும். அதைத் திறப்பது சோதனை பெஞ்சு உள்ள கடையில் மட்டுமே.

ஏர் எடுக்கும் முறை

முதலில் டாங்கியில் போதிய டீசல் இருக்க வேண்டும். பில்டரின் மேலுள்ள சிறு ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடிக்க வேண்டும். நுரை வரும், பிறகு குமிழி, பிறகு தெளிந்த டீசல். தெளிந்து வரும்போதே, அடிப்பதை நிறுத்தாமல், ஸ்குரூவை இறுக்க வேண்டும். நிறுத்திவிட்டு இறுக்கினால் காற்று திரும்பவும் புகும். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்குரூவில் இதே வேலை. கடைசியாக நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, எஞ்சினைச் சுற்றி, டீசல் கசிந்ததும் இறுக்கினால் முடிந்தது.

கைப் பம்பின் சிறு நெம்புகோல் சில சமயம் ஆடாமல் செத்துக் கிடக்கும். பம்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். எஞ்சினின் கேம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் நெம்புகோல் உயிர் பெறும்.

ஸ்டார்ட்டரைப் பதினைந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றக் கூடாது. நடுவே ஒரு நிமிஷம் ஓய்வு தரவும். காற்று இழுக்கும் வாயில் பெட்ரோலோ ஈதரோ ஊற்றிப் பிடிக்க வைக்கும் முரட்டு வைத்தியம் வேண்டாம். ஹீட்டர் பிளக் சூடாக இருந்தால் வெடித்து முகத்தைச் சுட்டுவிடும், பிஸ்டனையும் உடைக்கும்.

தண்ணீரும் மண்ணெண்ணெயும்

ஜூனில் தென்மேற்குப் பருவம், அக்டோபரில் வடகிழக்குப் பருவம் என்று இரண்டு மழையையும் வாங்கும் ஊர் திருவனந்தபுரம். காலியாய் நிற்கும் டாங்கிக்குள் ஈரக் காற்று குளிர்ந்து தண்ணீராய்ச் சொட்டும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியில் தங்கும், உறிஞ்சும் குழாய் முதலில் குடிப்பது அதைத்தான். இரவில் டாங்கியை நிறைத்து வைப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. பங்கில் லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் வேளையில் நிரப்பாமல் இருப்பதும் நல்லது, அடிவண்டல் கலங்கியிருக்கும். வாரம் ஒரு காலை, ஸ்டார்ட் செய்யும் முன், பில்டரின் அடி ஸ்குரூவைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்கும்.

சிக்கனம் என்று மண்ணெண்ணெய் கலப்பது தன் காலில் தானே கோடரி போடுவது. டீசல், பம்பின் பிளஞ்சருக்கு எரிபொருள் மட்டுமல்ல, மசகும் அதுவே. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்புப் போதாது. நுட்பமாய் இழைத்த பிளஞ்சர் கீறிப்போகும். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் சேர்ப்பதே இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கத்தான். பிடிபட்டால் வழக்கும் உண்டு.

இன்றைய டீசல் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுதும் பி.எஸ். 6 தரத்து டீசல் விற்கப்படுகிறது. பத்து லட்சம் பங்கில் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இல்லாத சுத்தமான எண்ணெய். பழைய டீசலில் பல்லாண்டு ஊறிய பம்பு ரப்பர் வளையங்கள் புது டீசலில் சுருங்கிக் கசியத் தொடங்குவதுண்டு. பம்பே போய்விட்டது என்று எண்ணாமல், முதலில் வளையங்களை மாற்றிப் பார்க்கலாம்.

கை ஜாக்கிரதை

இதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. நாசிலிலிருந்தோ, விரிந்த எஃகுப் பைப்பிலிருந்தோ பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் அதிகம் இராது. சில மணி நேரத்தில் கை வீங்கி, சதை அழுகி, விரலையே எடுக்க நேரலாம். 'சின்னக் காயம்' என்று மருந்து தடவி வேலையைத் தொடரக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், 'அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது' என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். வொர்க்ஷாப்பில் வேலை பழகும் பையன்களுக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுத் தரும் முன் இதைக் கற்றுத் தர வேண்டும்.

புத்தகத்திலும் மாற வேண்டும்

எஞ்சின் மாறினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறான மாற்றங்களை அனுமதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பழைய வண்டியை வாங்குவோர் எஞ்சின் நம்பரும் எரிபொருளின் பெயரும் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கு அலைய நேரிடும்.

புதிதாக மாற்றுவதில் இன்று லாபமும் இல்லை. 2010 ஜூனில் பெட்ரோல் விலையும், 2014 அக்டோபரில் டீசல் விலையும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. இரண்டுக்கும் இருந்த பெரிய இடைவெளி சுருங்கியது. அதே 2014-ல், மே மாதம், மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் அம்பாஸடர் உற்பத்தியும் நின்றது. எஞ்சின் மாற்றிப் பிழைத்த காலம் போய்விட்டது. அந்தக் காலம் கற்றுத் தந்த பாடம் மட்டும் போகவில்லை.

பாறசாலையில்...

சாலையோரத்தில் நின்றுபோன காருக்குத் திரும்புவோம். அவ்வழியே வந்த லாரியின் டிரைவர், வயதானவர், இறங்கி வருகிறார். "தம்பி, போதும், இனிச் சுத்தாதே. புகை வந்துதா?" என்று கேட்கிறார். வரவில்லை. டாங்கி மூடியைத் திறக்கிறார், சத்தம் இல்லை. நிறுத்தும் கம்பியைப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. டார்ச் விளக்கை வாங்கி, ஃபீட் பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸை விரலால் அசைக்கிறார். கிளிப் தளர்ந்து ஹோஸ் சுழல்கிறது. ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. கிளிப்பை இறுக்கி, ஏர் எடுத்து, தம் லாரி பாட்டரியிலிருந்து கம்பி கொடுக்கிறார். எஞ்சின் பிடித்துக்கொள்கிறது.

முதியவர் எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவார். நாலு நாசிலுக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது. அந்த நாசில்களில் ஒரு குற்றமும் இருந்திருக்காது.

வண்டி நின்றால் பணப்பையைத் திறக்கும் முன் கண்ணைத் திறக்க வேண்டும். விலை உயர்ந்த உறுப்பில் தொடங்காமல் விலை குறைந்த உறுப்பில் தொடங்க வேண்டும். டாங்கி மூடியில் தொடங்கி நாசிலில் முடிக்க வேண்டும். டீசல் எந்த வழியில் நடந்து வருகிறதோ, அந்த வழியிலேயே மெக்கானிக்கும் நடந்து வந்தால், கோளாறு எங்கே ஒளிந்திருந்தாலும் எதிரே வந்து நிற்கும்.